பெயரைப் பார்ப்பதா, இடத்தைப் பார்ப்பதா?

போன வாரம் பழைய வீடியோ கேம் கேசட்டுகளைச் சுத்தம் செய்து ஓட வைப்பதைப் பார்த்தோம். இந்த வாரம் கைக்கு வருவோம். பழைய கன்ட்ரோலரை யுஎஸ்பி அடாப்டர் வழியாக இன்றைய கம்ப்யூட்டரில் மாட்டி விளையாடுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். சொருகி பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். சொருகிய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

நிண்டெண்டோவின் என்.இ.எஸ். கன்ட்ரோலரை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1983-ல் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்த கருவியின் அமெரிக்க வடிவம் அது; 1985-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. கன்ட்ரோலரின் பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினால் உள்ளே 4021 என்று எண்ணிட்ட ஒரே ஒரு ஐ.சி. இருக்கும். பட்டன்கள் எட்டு, ஒயர்கள் ஐந்து. இரண்டு ஒயர் மின்சாரத்துக்கு, மூன்று பேச்சுவார்த்தைக்கு. முதல் ஒயரில் ஒரு துடிப்பு வந்தவுடன், அந்தக் கணத்தில் எந்தெந்தப் பட்டன் அழுந்தியிருக்கிறது என்பதை ஐ.சி. பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டாவது ஒயரில் துடிப்பு வர வர, மூன்றாவது ஒயரில் ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறது: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போலத்தான். யாரும் பெயர் சொல்வதில்லை. எத்தனையாவது குரல் என்பதே போதும். நொடிக்கு 60 முறை இது நடக்கிறது. இவ்வளவு சிக்கனமாக, இவ்வளவு தெளிவாக யோசித்த அந்தப் பொறியாளர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பிரமிப்புதான்.

1996-ல் வந்த யுஎஸ்பி-க்கு இந்தச் சிக்கனம் போதாது. அதில் மாட்டுகிற எந்தப் பொருளும் முதலில் தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்: எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை பட்டன், ஸ்டிக் சாயும் அச்சுகள் எத்தனை. பழைய கன்ட்ரோலருக்கு இதெல்லாம் தெரியாது. அடாப்டருக்குள் இருக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர்தான் ஒரு பக்கம் பழைய கருவி மாதிரியே துடிப்பு அனுப்பிப் பதில் வாங்குகிறது. மறுபக்கம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி அதைச் சொல்கிறது. ஆனால் எந்தப் பட்டன் குதிக்க, எந்தப் பட்டன் ஓட என்பதை அதனால் சொல்ல முடியாது. குழப்பம் நுழைவது இங்கேதான்.

விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் பல அடாப்டர்கள் தங்களை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றே சொல்லிக்கொள்கின்றன. என்.இ.எஸ்.-இல் ஏ வலது பக்கம், பி இடது பக்கம். எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, பி வலது பக்கம். அடாப்டர் பெயரைப் பார்த்து, பழைய ஏ-யைப் புதிய ஏ ஆக்குகிறது. அடுத்து, பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட வைக்கும் எமுலேட்டர், அதாவது ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருள், வருகிறது. அதன் பட்டன் அமைப்பு சூப்பர் நிண்டெண்டோ கன்ட்ரோலரை ஒட்டியது. அதில் கீழே இருப்பது பி. மென்பொருள் இடத்தைப் பார்த்து, எக்ஸ்பாக்ஸின் கீழ்ப் பட்டனை பி ஆக்குகிறது. இரண்டு பேரும் செய்தது சரிதான். ஆனால் கடைசியில் ஏ-யை அழுத்தினால் பி வேலை செய்கிறது. குதிக்க வேண்டிய மாரியோ ஓடுகிறான்.

இது சின்ன விஷயம் அல்ல. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆடியவர்களுக்குத் தெரியும்: கட்டைவிரல் நுனியால் பி-யை அழுத்திப் பிடித்து ஓடியபடி, அதே விரலின் அடிப்பகுதியைச் சாய்த்து ஏ-யை அழுத்திக் குதிக்க வேண்டும். பட்டன் இடம் மாறினால் அந்தப் பழக்கம் மொத்தமும் வீண். பழைய கன்ட்ரோலரைத் தேடிப்பிடித்து வாங்கியதே அந்தப் பழக்கத்துக்காகத்தானே! ஆகவே என் கட்சி இது: எக்ஸ்பாக்ஸ் வேஷம் போடாமல், உள்ளதை உள்ளபடி சொல்கிற அடாப்டர்தான் நல்லது. மாற்றி அமைப்பதை மென்பொருளில் ஒரே ஓர் இடத்தில் செய்யுங்கள்.

'எல்லாவற்றுக்கும் ஒன்று' என்று பல துளைகளோடு வரும் அடாப்டர்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். எந்தக் கன்ட்ரோலரை மாட்டினாலும் அவற்றில் பல ஒரே அடையாள எண்ணைத்தான் சொல்கின்றன. என்.இ.எஸ்.-க்கு நீங்கள் சரிசெய்து வைத்த அமைப்பே அடுத்து மாட்டும் கன்ட்ரோலருக்கும் வந்து உட்காரும்.

அந்த அடுத்தது நிண்டெண்டோ 64 என்றால் வேடிக்கை அதிகம். 1996-ல் வந்த அதற்குத் தகவல் ஒயர் ஒன்றே ஒன்று, மின்சாரம் 3.3 வோல்ட். அதன் ஸ்டிக்கின் அடியில் பல் வெட்டிய இரண்டு சக்கரங்கள் சுழல்கின்றன. ஒளி உணரிகள் பற்களை எண்ணுகின்றன. மின்சாரம் வரும்போது ஸ்டிக் எங்கே நிற்கிறதோ அதுதான் நடு. சாய்த்துப் பிடித்தபடி மாட்டினால் மாரியோ தானாகவே ஒரு பக்கம் நடக்கத் தொடங்குவான். ஸ்டிக்கை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நடு சரியாகும். இன்னொன்று: ஸ்டிக்கை முழுதாகச் சாய்த்தாலும் அது சொல்லும் எண் ஏறக்குறைய 80. இன்றைய மென்பொருளோ 127-ஐ எதிர்பார்க்கிறது. அதனால் முழு வேகத்தில் ஓட வேண்டியவன் குறைந்த வேகத்தில்தான் போவான். சில அடாப்டர்கள் எண்ணைப் பெருக்கி அனுப்பும். எமுலேட்டரிலும் பெருக்கும் வசதி உண்டு. இரண்டையும் போட்டுவிட்டால் மெதுவாக நடப்பது என்பதே இல்லாமல் போய்விடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் வீடுகளின் பரணில் கிடக்கும் 'டிவி கேம்' பற்றியும் ஒரு வார்த்தை. 90-களில் இங்கே விற்றவற்றில் பெரும்பாலானவை ஃபாமிகாமின் நகல்கள். அவற்றின் கன்ட்ரோலரும் அதே எட்டு பதிலைத்தான் ஒப்பிக்கிறது. ஆனால் பலவற்றில் சொருகி 9 பின் கொண்டது. அட்டாரி 2600, சேகா மெகா டிரைவ் ஆகியவற்றின் சொருகி போலவே இருக்கும். உள்ளே ஒயர் வரிசை வேறு. கச்சிதமாகப் பொருந்துகிறதே என்று சேகா அடாப்டரில் மாட்டிவிடாதீர்கள். 5 வோல்ட் தவறான காலுக்குப் போனால் ஐ.சி. போய்விடும். கன்ட்ரோலரைத் திறந்து, எந்த ஒயர் எந்த பின்னுக்குப் போகிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொண்ட பிறகு மாட்டுங்கள்.

அடுத்த வாரம் எதிர்த் திசை: இன்றைய புளூடூத் கன்ட்ரோலரைப் பழைய கருவியில் ஓட வைக்கும் புளூரெட்ரோ.

(தொடரும்)