எத்தனால்

எத்தனால் அல்லது எத்தைல் ஆல்ககால் என்பது நிறமற்ற, எளிதில் ஆவியாகித் தீப்பற்றக்கூடிய ஒரு கரிமச் சேர்மம் ஆகும். கள், சாராயம் முதலிய மதுபானங்களில் போதை தருவது இதுவே. இதன் மூலக்கூறில் 2 கார்பன், 6 ஐதரசன், 1 ஆக்சிசன் அணுக்கள் உள்ளன.

கட்டமைப்பு

ஈத்தேன் மூலக்கூறிலுள்ள ஓர் ஐதரசன் அணுவை நீக்கி, அவ்விடத்தில் ஐதராக்சில் தொகுதியை (ஓர் ஆக்சிசனும் அதனோடு பிணைந்த ஓர் ஐதரசனும்) வைத்தால் எத்தனாலின் அமைப்பு கிடைக்கும். இதே அணுக்களை இதே எண்ணிக்கையில் கொண்ட மற்றொரு சேர்மம் டைமெத்தில் ஈதர். அதில் ஆக்சிசன் இரு கார்பன்களுக்கும் நடுவே அமைவதால் ஐதராக்சில் தொகுதி இல்லை. அதன் மூலக்கூறுகள் தமக்குள் ஐதரசன் பிணைப்பை உருவாக்குவதும் இல்லை. எனவே அது -24 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. எத்தனாலோ 78.4 பாகையில்தான் கொதிக்கிறது.

பண்புகள்

எத்தனால் -114 பாகையில் உறையும். 20 பாகையில் இதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.789 கிராம். ஐதராக்சில் தொகுதி நீரை நாடுவதால் எந்த விகிதத்திலும் நீருடன் கலக்கும். 50 மில்லிலிட்டர் எத்தனாலுடன் 50 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்தால் 100 கிடைக்காது, ஏறத்தாழ 96 மில்லிலிட்டரே கிடைக்கும். பள்ளி ஆய்வகத்தில் செய்து பார்க்கத் தக்க சோதனை இது. மூலக்கூறின் எத்தைல் பகுதி எண்ணெய்ப் பொருள்களையும் கரைக்கும். குற்றால மலைத்தோட்டங்களில் விளையும் கிராம்பின் மணத்துக்குக் காரணமான யூசெனால், நீரில் அரிதாகவும் எத்தனாலில் எளிதாகவும் கரைகிறது.

பதநீரும் கள்ளும்

எத்தனால் உருவாவதையும் அதைத் தடுப்பதையும் ஒருசேர விளக்கும் எடுத்துக்காட்டு தென்காசி வட்டாரப் பனைகளில் உண்டு. சீவிய பாளையிலிருந்து கலயத்தில் சொட்டும் சாற்றில் பெரும்பாலும் சுக்ரோசு என்னும் சர்க்கரை உள்ளது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதனைக் குளுக்கோசாகவும் புரக்டோசாகவும் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் 2 எத்தனால், 2 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளைத் தோற்றுவிக்கிறது. கள்ளின் நுரை இவ்வளிமத்தால் ஆனது. மேலும் விட்டுவைத்தால் பாக்டீரியாக்கள் எத்தனாலை அசெட்டிக் அமிலமாக்கும், கள் புளிக்கும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைகிறது. ஈஸ்ட் செயற்பட இயலாது. சர்க்கரை அப்படியே நிற்கும். அதுவே பதநீர். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், பனையேறிக்குச் சுண்ணாம்பு சட்டத்தின் எல்லைக்கோடும் ஆகிறது. செங்கோட்டையைக் கடந்து கேரளத்துள் சென்றால் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் உள்ளன.

மெத்தனாலுடன் வேறுபாடு

எத்தனாலைவிட ஒரு கார்பன் குறைந்தது மெத்தனால். நிறத்தாலோ மணத்தாலோ சாதாரணமாகப் பிரித்தறிய இயலாது. உடலில் எத்தனால் அசெட்டால்டிகைடாகவும், பின் அசெட்டிக் அமிலமாகவும் மாறும். மெத்தனால் பார்மால்டிகைடாகவும், பின் பார்மிக் அமிலமாகவும் மாறிப் பார்வை நரம்பைச் சிதைக்கும். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இரண்டையும் மாற்றும் நொதி ஒன்றே. அது எத்தனாலையே முதலில் பற்றுகிறது. எனவே மெத்தனால் நஞ்சுக்கு எத்தனாலே ஒரு முறிமருந்தாகிறது. எனினும் இது மருத்துவமனையில் குருதி அளவுகளைக் கண்காணித்துச் செய்யப்படும் சிகிச்சை. மேலும் குடிப்பது இதற்கு ஈடாகாது. நச்சுக்குறிகள் பல மணிநேரம் கழித்தே தோன்றக்கூடும் என்பதால், குடித்தவருக்குப் பார்வை மங்கத் தொடங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.