செயின் ரம்பத்தில் சிறு கொக்கி உடைந்தால்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுத்து அகற்ற, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் பெரிதும் உதவியது பெட்ரோலில் ஓடும் செயின் ரம்பம். சவுக்கு வெட்டவும், பட்டுப்போன மரங்களை அகற்றவும் இன்று சிறு விவசாயிகளும் இதைக் கையாளுகின்றனர்.

இதில் ஒரு சிறு பாகத்தைப் பலர் கவனிப்பதில்லை. சங்கிலி எஞ்சின் பக்கம் திரும்பி நுழையும் இடத்தில், பாருக்குக் கீழே, அலுமினியத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கொக்கி போன்ற துண்டு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். இதற்குச் செயின் கேட்சர் என்று பெயர். சங்கிலி அறுந்தாலோ கழன்றாலோ சாட்டைபோல் பின்னோக்கி வீசும். பின் கைப்பிடியில் இருப்பதோ வலது கை. அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்வதே இக்கொக்கியின் வேலை. ஆகவே அது உடைவது குறையன்று. உடைந்த பின்னும் மாற்றாமல் ஓட்டுவதே ஆபத்து.

மாற்றுவது எளிது. எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பிளக் தொப்பியைக் கழற்றிவிடவும். பக்க மூடியின் நட்டுகளை அவிழ்த்துப் பாரையும் சங்கிலியையும் எடுக்கவும். பல மாடல்களில் கேட்சரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகுதான். அந்த மாடலுக்குரிய பாகத்தையே வாங்கிப் பொருத்தவேண்டும். பட்டறையில் இரும்புத் தகட்டை வளைத்துப் பொருத்தினால், மோதும் சங்கிலி கெட்டுவிடும். விலை அதிகமில்லாத பாகம். கூடுதலாக ஒன்று வாங்கி வைத்திருக்கலாம்.

சங்கிலி ஏன் கழன்றது என்றும் பார்க்கவேண்டும். பெரும்பாலும் தளர்ச்சியே காரணம். பாரின் அடிப்பக்கத்தில் சங்கிலி தொங்காமல் ஒட்டியிருக்கவேண்டும். கையுறை அணிந்து இழுத்தால் தடையின்றி ஓடவேண்டும். கழன்ற சங்கிலியின் உள்பற்களில் பிசிறு இருப்பின் அரத்தால் தேய்த்து நீக்கவும். விரிசல் கண்ட சங்கிலியை மீண்டும் மாட்டக்கூடாது.