பெறுபவர் கையில் எந்தக் கைப்பேசி?

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், பணப் பரிவர்த்தனை நேரம் முடிவதற்கு அரைமணி நேரமே இருந்தபோது, முதிய பெண்மணி ஒருவர் எங்கள் காளஹஸ்திக் கிளையில் என் மேசை முன் வந்து நின்றார். ஒரு கையில் நிரப்பப்படாத பணம் அனுப்பும் படிவம். மறு கையில் எண்கள் தேய்ந்துபோன பொத்தான் கைப்பேசி. சென்னையில் படிக்கும் பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் செலுத்த அன்றே கடைசி நாள்.

"சார், பேரன் கணக்கு எண்ணை அனுப்பியிருக்கிறான். எனக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். தமிழில் எழுதப்பட்டிருந்த பகுதி முழுவதும் வெற்றுக் கட்டங்களாக நின்றது. இடையிடையே ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும் தெரிந்தன. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைக் கொண்டு அது எந்த வங்கி என்று அறிந்தேன். ஆனால், அவ்வங்கியின் கணக்கு எண்ணில் இருக்க வேண்டிய இலக்கங்களில் நான்கு குறைந்தன. செய்தி துண்டு துண்டாக வந்திருந்தது. இறுதித் துண்டு வந்து சேரவே இல்லை. கைப்பேசியின் செய்திப் பெட்டி நிரம்பியிருந்ததே காரணம்.

பேரனைத் தொலைபேசியில் அழைத்தோம். "என் டேப்லெட்டில் முழுச் செய்தியும் சரியாகத் தெரிகிறதே, சார்" என்றான். அவன் கூறியது உண்மைதான். கல்லூரியின் சுற்றறிக்கையை டேப்லெட்டின் அகன்ற திரையில் படித்தவன், அதை அப்படியே நகலெடுத்துப் பாட்டிக்கு அனுப்பிவிட்டான். பெறுபவர் கையில் இருப்பது எந்தக் கைப்பேசி என்பதை மட்டும் அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

யானைக்குக் கல், பாம்புக்குக் குப்பை

இதற்கான பாடம் எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. பொன்முகலி ஆற்றங்கரையில் வாயுத்தலமாக விளங்கும் திருக்காளத்தியில் சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் இறைவனை வழிபட்டன என்பது தலபுராணம். ஸ்ரீ என்பது சிலந்தியையும், காளம் என்பது பாம்பையும், ஹஸ்தி என்பது யானையையும் குறிக்கும். பாம்பு மாணிக்கங்களைச் சாத்தி வழிபட்டது. யானை நீராட்டி வில்வ இலைகளைச் சாத்தியது. பாம்பு வைத்த மணியை யானை கல்லென்று தள்ளிற்று. யானை வைத்த இலையைப் பாம்பு குப்பையென்று ஒதுக்கிற்று. இரண்டிடத்திலும் பக்தி குறையவில்லை. ஒன்றின் மொழி மற்றதற்குப் புரியவில்லை. அதன் விளைவாக இரண்டும் பகைகொண்டு மடிந்தன என்கிறது அக்கதை.

எங்கள் கிளைக்கு வரும் வாடிக்கையாளர்களின் கைகளிலும் இன்று மூவகைக் கைப்பேசிகளைக் காண்கிறேன். கலம்காரி ஓவியம் தீட்டும் முதியவரிடம் பொத்தான் கைப்பேசி; கடை நடத்தும் அவர் மகனிடம் ஆண்ட்ராய்டு; வெளியூரில் பணிபுரியும் மகளிடம் ஐஃபோன். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டில் புழங்கும் ஊர் இது. ஆகவே செய்திகளும் இரு எழுத்துகளில் வருகின்றன. ஒருவர் மாணிக்கமென அனுப்புவது மற்றவரிடம் கட்டங்களாகச் சென்று சேர்வதில் வியப்பில்லை.

டேப்லெட்டிலிருந்து செய்தி எவ்வழியே செல்கிறது?

டேப்லெட்டில் தட்டச்சு செய்து அனுப்பும் எல்லாவற்றையும் நாம் பொதுவாகச் செய்தி என்றே சொல்கிறோம். உண்மையில் அவை இருவேறு பாதைகளில் செல்கின்றன.

முதலாவது, இணையவழிச் செயலிகளின் பாதை. வாட்ஸ்அப் போன்றவற்றில் அனுப்பும் செய்தி, அதே செயலியை வைத்திருப்பவரை மட்டுமே அடையும். ஆப்பிள் நிறுவனத்தின் ஐமெசேஜும் இத்தகையதே. ஆப்பிள் கருவிகளுக்கிடையே இணையத்தின் வழியாகச் செல்லும். இணைய வசதியற்ற பொத்தான் கைப்பேசிக்கு இப்பாதை மூடப்பட்டது.

இரண்டாவது, குறுஞ்செய்தியின் பாதை. இது தொலைபேசி எண்ணைச் சார்ந்தது. பெறுபவருக்கு இணையம் தேவையில்லை. அவர் கைப்பேசி அணைந்திருந்தால், செய்தி நிறுவனத்தின் குறுஞ்செய்தி மையத்தில் குறிப்பிட்ட காலம் காத்திருந்து, பின்னர் சென்று சேரும். எவ்வகைக் கைப்பேசியையும் அடையக்கூடிய பாதை இதுவே.

ஆனால் வைஃபை மட்டுமே உள்ள டேப்லெட்டுக்குத் தொலைபேசி எண் கிடையாது; அதனால் நேரடியாகக் குறுஞ்செய்தி அனுப்ப இயலாது. உங்கள் கைப்பேசியை அதனோடு இணைத்துக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் மெசேஜஸ் செயலியைத் திறந்து, டேப்லெட்டின் திரையில் தோன்றும் க்யூஆர் குறியீட்டை வருடினால் இணைப்பு ஏற்படும். ஐபேட் வைத்திருப்போர், ஐஃபோனின் அமைப்புகளில் குறுஞ்செய்திகளைப் பிற கருவிகளுக்கு அனுப்பும் வசதியை இயக்க வேண்டும். இரண்டிலும் செய்தி உங்கள் கைப்பேசி எண்ணிலிருந்தே புறப்படுகிறது. எனவே அக்கைப்பேசி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். சிம் அட்டை இடக்கூடிய டேப்லெட்டுகளிலும் எல்லாவற்றிலும் குறுஞ்செய்தி வசதி இருப்பதில்லை. ஐபேடில் சிம் இருந்தாலும் அது இணையத்துக்கு மட்டுமே.

ஐஃபோனில் இருந்த சிம் அட்டையைக் கழற்றி வேறு வகைக் கைப்பேசியில் இடுவோர், அதற்கு முன் ஐமெசேஜ் வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஆப்பிள் கருவிகளிலிருந்து அந்த எண்ணுக்கு வரும் செய்திகள் புதிய கைப்பேசிக்கு வாராமல் போகக்கூடும்.

160 எப்படி 70 ஆகிறது?

உலகின் முதல் குறுஞ்செய்தியே கைப்பேசியிலிருந்து அனுப்பப்பட்டதன்று. 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்னும் பொறியாளர், கணினியிலிருந்து வோடஃபோன் நிறுவன அலுவலர் ஒருவரின் கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்தை அனுப்பினார். அவ்வகையில், டேப்லெட்டிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பும் நாம் பழைய வழக்கத்தையே தொடர்கிறோம்.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள், அதாவது 1,120 பிட்டுகள். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 7 பிட்டுகள் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழ், தெலுங்கு எழுத்துகள் பொதுவாக யூனிகோடு முறையில் செல்வதால் ஒவ்வொன்றும் 16 பிட்டுகளை எடுத்துக்கொள்கிறது. எனவே 70 மட்டுமே அடங்கும். அதிலும் தமிழின் புள்ளியும் துணைக்கால் முதலிய குறிகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. 'வங்கி' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து; கைப்பேசிக்கு ஐந்து. 'காளஹஸ்தி' என்பது ஐந்து எழுத்து. கைப்பேசியின் கணக்கில் எட்டு. ஆகவே தமிழில் நான்கு வரி எழுதினாலே செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்துவிடும். பிரியும்போது துண்டுகளைக் கோப்பதற்கான குறிப்புக்கும் இடம் தேவைப்படுவதால், துண்டு ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 எழுத்துகளே கிடைக்கும்.

மேலும் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு பிறமொழி எழுத்தோ, சிரிக்கும் முகச் சித்திரமோ இருந்தாலும் முழுச் செய்தியும் 70 என்னும் அளவுக்குச் சுருங்கிவிடும். பவுண்டு, டாலர், யென் ஆகியவற்றின் குறியீடுகள் அந்தப் பழைய எழுத்துப் பட்டியலில் உள்ளன. 2010-இல் ஏற்கப்பட்ட நம் ரூபாய்க் குறியீடு (₹) அதில் இல்லை. 'ஆர்', 'எஸ்' என்னும் இரு ஆங்கில எழுத்துகளால் ரூபாயைக் குறித்தால் இடம் மிகும்.

கட்டங்கள் தோன்றுவதற்குக் காரணம் வேறு. அந்தக் கைப்பேசியில் அவ்வெழுத்துரு இல்லை என்பதே அதன் பொருள். கைப்பேசிகள் 22 இந்திய மொழிகளிலும் செய்திகளைக் காட்ட வேண்டும் என்பதை ஐ.எஸ். 16333 என்னும் இந்தியத் தர அளவை வகுத்துள்ளது. ஆயினும் அதற்கு முன் வாங்கிய கைப்பேசிகள் பல இன்றும் புழக்கத்தில் உள்ளன.

பணம் பற்றிய செய்தி எழுதும் முறை

வாழ்த்துச் செய்தியில் ஒரு துண்டு தவறினால் இழப்பில்லை. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் நிலைமை வேறு. மின்னணு முறையில் பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணை அடிப்படையாகக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. இலக்கம் குறைந்தால் பணம் திரும்பிவரும், நாள் கடந்துவிடும். இலக்கம் மாறினால் முன்பின் அறியாத ஒருவர் கணக்கில் சேரக்கூடும். ஆகவே பின்வருவனவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கணக்கு எண்ணை ஆங்கில எண்களில், நான்கு நான்காக இடைவெளி விட்டு, தனிச் செய்தியாக அனுப்புங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 இடங்கள் உண்டு. முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், எஞ்சிய ஆறு கிளையைக் குறிக்கும். ஐந்தாம் இடத்தில் 'ஓ' என்னும் ஆங்கில எழுத்தை இடாதீர்கள். விளக்கம் எதுவாயினும் அதைத் தொலைபேசியில் சொல்லுங்கள். செய்தி பெற்றவரை எண்ணைப் படித்துக்காட்டச் சொல்லிச் சரிபாருங்கள். பெற்றவரும், அனுப்பியவரை நேரில் அழைத்து உறுதிசெய்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும். என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். வழியே அனுப்புமுன் பெறுநரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி, இந்திய ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலின்படி 2025 ஏப்ரல் முதல் உள்ளது. அதைத் தவறாது பயன்படுத்துங்கள்.

கைப்பேசியோடு டேப்லெட்டை இணைத்தோர்க்கு இன்னொரு எச்சரிக்கை. உங்களுக்கு வரும் செய்திகள் யாவும் டேப்லெட்டிலும் தோன்றும். ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவற்றுள் ஒன்று. வீட்டுக் குழந்தைகள் விளையாடும் டேப்லெட்டிலும், கடையில் பலர் கைபடும் டேப்லெட்டிலும் அவ்விணைப்பை வைத்திருக்க வேண்டாம். திரைப்பூட்டு கட்டாயம் தேவை. டேப்லெட்டைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன்னும், விற்குமுன்னும் கைப்பேசியிலிருந்து இணைப்பை நீக்கிவிடுங்கள்.

வங்கியிலிருந்து வரும் செய்தி

வங்கியின் குறுஞ்செய்தி சாதாரணப் பத்து இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. பதிவு செய்யப்பட்ட ஆங்கில எழுத்துத் தலைப்போடு வரும். அத்தலைப்பின் இறுதியில் 'எஸ்' இருந்தால் சேவைச் செய்தி, 'டி' இருந்தால் பரிவர்த்தனைச் செய்தி, 'பி' இருந்தால் விளம்பரம், 'ஜி' இருந்தால் அரசுச் செய்தி என 2025 முதல் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தலைப்பு எதுவாயினும், கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்கும் செய்திக்கு மறுமொழி கூடாது.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனைக்குச் செய்தி வந்தால் காத்திருக்காதீர்கள். 2017 ஜூலை 6 நாளிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி நேர்ந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று வகுத்தது. கடவுச்சொல்லைத் தாமே பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும் என்றும் அது கூறியது. வங்கிக்குத் தெரிவித்த கையோடு 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணையும் அழையுங்கள். செய்திப் பெட்டி நிரம்பியிருந்தால் இந்த எச்சரிக்கைச் செய்தியே உங்களை வந்தடையாமல் போகலாம்; எனவே பழைய செய்திகளை அவ்வப்போது நீக்குவது வீண் வேலையன்று.

அன்று அந்தப் பெண்மணியின் கைப்பேசியிலிருந்த பழைய விளம்பரச் செய்திகளை அவர் ஒப்புதலோடு நீக்கினோம். பேரன் மறுபடியும் அனுப்பினான்: கல்லூரியின் பெயர், நான்கு நான்காகக் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., தொகை. நான்கே வரிகள், ஒரே செய்தியில் அடங்கின. தொலைபேசியில் அவன் எண்ணைச் சொல்லச் சொல்ல, பாட்டி ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். கணினித் திரையில் கல்லூரியின் பெயர் தோன்றியதும் பணத்தை அனுப்பினோம்.

இரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே, "இந்த மாதிரி எழுதினால் எனக்கே புரிகிறதே, சார். முதலிலேயே இப்படி எழுதியிருக்கக் கூடாதா?" என்றார்.

டேப்லெட்டில் அடுத்த செய்தியை அனுப்புமுன், உங்கள் பாட்டியின் கைப்பேசியை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.