மூட்டு மாற்றியபின் கார் ஓட்டுவது எப்போது?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து, வீட்டுக்குள் நன்றாக நடமாடத் தொடங்கியவர்களைக்கூட 'இப்போது கார் ஓட்ட வேண்டாம்' என்று மருத்துவர்கள் தடுப்பது ஏன்?

காரணம், பிரேக். குறுக்கே யாராவது வந்தால் வலது கால் ஆக்சிலரேட்டரை விட்டு நகர்ந்து, பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். அறுவைக்குப் பின் தொடைத் தசை வலுவிழந்திருக்கும். வலிக்குப் பயந்தும் கால் தயங்கும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடிவிடும். அரை நொடி தாமதித்தாலே 8 மீட்டருக்கு மேல் கூடுதலாகப் போய்விடும்.

வலது முழங்கால் என்றால் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் காத்திருக்கச் சொல்வார்கள். இடது முழங்கால் என்றால், கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை அதற்கு முன்பே ஓட்ட அனுமதி கிடைக்கலாம். மயக்கம் தரும் வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை எந்தக் காரையும் ஓட்டக் கூடாது.

பயணியாகப் போவதற்கும் கவனம் தேவை. கெண்டைக்கால் தசை சுருங்குவது, காலிலுள்ள ரத்தம் இதயத்தை நோக்கி மேலேற உதவுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தால் ரத்தம் தேங்கி உறையலாம். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீண்ட பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போயே ஆக வேண்டுமென்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். இடையிடையே பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள்.

ஏறும்போது முன் இருக்கையை நன்றாகப் பின்னே தள்ளி, முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுங்கள். கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ, அல்லது மூச்சுத் திணறலோ தோன்றினால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.