மின்னோட்டம் அறும் கணத்தில் பிறக்கும் தீப்பொறி

மகிழுந்தின் மின்கலம் தருவது 12 வோல்ட். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பற்றவைக்க, பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையே தீப்பொறி பாய வேண்டும். அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இருந்தாலும் அதைத் தாண்டுவதற்கு ஏறக்குறைய 10,000 வோல்ட் தேவைப்படும். 12 எப்படி 10,000 ஆகிறது?

இன்றைய மகிழுந்துகளில் இந்த வேலையைக் கணினி கட்டுப்படுத்துகிறது. கணினி இல்லாத காலத்து வண்டியைத் திறந்து பார்த்தால், இதன் இயற்பியல் கண்ணுக்கு நேராகவே தெரியும். மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி, ஏறக்குறைய 16 லட்சம் எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட வண்டி இது. 1950, 60களில் மலாயாவின் சாலைகளில் பலருக்கும் பழக்கமானது.

அதன் பற்றவைப்பில் இரண்டு மின்சுற்றுகள் உள்ளன. முதல் சுற்றில் மின்கலத்திலிருந்து வரும் கம்பி சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி டிஸ்ட்ரிபியூட்டருக்குள் நுழைந்து, ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறிய தொடுமுனைகளை அடைந்து, வண்டியின் உடலோடு இணைகிறது. இரண்டாம் சுற்றில் காயிலின் நடுவிலிருந்து புறப்படும் தடித்த கம்பி டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வருகிறது. அங்கே சுழலும் ரோட்டார், 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் மின்சாரத்தைப் பங்கிடுகிறது.

காயிலுக்குள் ஒரே இரும்பு உள்ளகத்தின் மீது இரண்டு சுருள்கள் சுற்றப்பட்டுள்ளன. ஒன்று சில நூறு சுற்றுகள் கொண்டது. மற்றது அதைப்போல் சுமார் நூறு மடங்கு சுற்றுகள் கொண்டது. ‘அப்படியானால் 12-ஐ 100ஆல் பெருக்கினால் போதுமே’ என்று நீங்கள் நினைக்கலாம். பெருக்கிப் பாருங்கள்: 1,200 வோல்ட்தான் வருகிறது. மீதி எங்கிருந்து வருகிறது?

விடை 1831இல் மைக்கேல் பாரடே கண்ட மின்காந்தத் தூண்டலில் இருக்கிறது. படிவம் 5 இயற்பியலில் நீங்கள் படிப்பது இதைத்தான். காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ, அவ்வளவு அதிக மின்னழுத்தம் தூண்டப்படும். பாயிண்ட் மூடியிருக்கும்போது சிறிய சுருளில் மின்னோட்டம் மெல்ல ஏறி, காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அப்போது பொறி இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் முனைப்பு பாயிண்டைத் தள்ளித் திறந்ததும் மின்னோட்டம் சட்டென்று அறுந்து, காந்தப்புலம் சரிகிறது. அந்த வேகத்தில் சிறிய சுருளிலேயே 200 முதல் 300 வோல்ட் வரை எழுகிறது. அதன் நூறு மடங்கு பெரிய சுருளில் எழக்கூடும். சுற்று மூடும்போது அல்ல, திறக்கும்போதுதான் பொறி பிறக்கிறது.

நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் 6,000 பொறிகள் வேண்டும். அதாவது நொடிக்கு 100 முறை அந்தச் சிறு தொடுமுனைகள் திறந்து மூடுகின்றன. அவை முழுதாகத் திறக்கும்போது உள்ள இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரைதான்.

பாயிண்டுக்கு இணையாக ஒரு சிறு கண்டென்சரும் இணைக்கப்பட்டிருக்கும். அதன் அளவு சுமார் 0.2 மைக்ரோஃபாரட். அது இல்லாவிட்டால், பாயிண்ட் திறக்கும்போது மின்சாரம் அந்த இடைவெளியிலேயே பொறியாகத் தாவும். தொடுமுனைகள் கருகும். காந்தப்புலம் மெதுவாகச் சரிவதால் பிளக்கில் பொறி பலவீனமாகும். கண்டென்சர் அந்த மின்சாரத்தை ஒரு கணம் வாங்கிக்கொண்டு, சுற்று கச்சிதமாக அறுவதற்கு உதவுகிறது.

இது புரிந்தால், கம்பிகளை இணைக்கும்போது நேரும் பிழைகளின் காரணமும் புரியும். காயிலிலிருந்து வரும் கம்பியும் கண்டென்சர் கம்பியும் பாயிண்டின் வில்லைத் தொட வேண்டும். ஆனால் அதைத் தாங்கும் இரும்புத் தூணைத் தொடக்கூடாது. இடையில் உள்ள சிறிய காப்பு வளையத்தை இடம் மாற்றிப் பொருத்தினால், பாயிண்ட் திறந்தாலும் மின்னோட்டம் தூண் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். மின்னோட்டம் அறாவிட்டால் பொறியும் இல்லை.

இதை ஒரு 12 வோல்ட் பல்பால் கண்டுபிடிக்கலாம். பல்பின் ஒரு கம்பியைக் காயிலின் பாயிண்ட் முனையிலும், மற்றதை வண்டியின் உடலிலும் தொடுங்கள். சாவியைத் திறந்துவைத்து இயந்திரத்தைக் கையால் மெல்லச் சுழற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும், மூடும்போது அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், ஒன்று மின்சாரம் காயிலைக் கடந்து வரவில்லை, அல்லது எங்கோ உடலைத் தொட்டு வீணாகிறது. அணையவே இல்லை என்றால் பாயிண்ட் சரியாக மூடவில்லை, அல்லது அதன் முனைகள் அழுக்கடைந்துள்ளன. ஆசிரியரோ மெக்கானிக்கோ உடனிருக்கும்போது மட்டுமே இதைச் செய்யுங்கள். தடித்த கம்பிகளைத் தொடாதீர்கள்.

மோரிஸ் மைனரில் இன்னொரு புதிரும் உண்டு. அதில் மின்கலத்தின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எனவே புதிய காயிலைப் பொருத்துவோர், சாவிக் கம்பியை எதிர்முனையிலும் பாயிண்ட் கம்பியை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். மாற்றி இணைத்தாலும் இயந்திரம் ஓடும். அதனால்தான் இந்தப் பிழை எளிதில் தெரிவதில்லை. சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் எளிதாகக் கிளம்பும். பிளக்கில் அதிகச் சூடாவது நடுமுனை. ஆகவே அதுவே எதிர்முனையாக இருக்க வேண்டும். மாறினால் பொறிக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்பட்டு, இயந்திரம் கிளம்பத் திணறும்.

இவ்வளவு உயர்ந்த மின்னழுத்தம் வழியில் கசியாமல் பிளக்கைச் சேர வேண்டுமே! அந்நாளில் அதற்கு உதவியது ரப்பர் உறை. மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான் உருவானது. அதை நிறுவிய டான் சாய் யான், அடுத்து புக்கிட் ஆசஹானிலும் ரப்பர் நட்டார். தோட்டங்களில் நம் முன்னோர் விடியலில் வெட்டி எடுத்த பால், டயராக மட்டுமல்ல, மின்கம்பிக் காப்பாகவும் உலகெங்கும் பயன்பட்டது.

1970களுக்குப் பிறகு பாயிண்டின் இடத்தை டிரான்சிஸ்டர் படிப்படியாகப் பிடித்தது. அது தேய்வதில்லை, கருகுவதில்லை. ஆனால் இன்றைய பெட்ரோல் வண்டிகளிலும் காயில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் அங்கே செய்வதும், சரியான கணத்தில் மின்னோட்டத்தை அறுப்பதுதான்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மோரிஸ் மைனர் நின்றிருக்கிறது. சாவி திறந்தபடி இருக்கிறது. பாயிண்டும் மூடியிருக்கிறது. காயிலின் தடை 3 ஓம். அதில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு வெப்ப ஆற்றல் வெளிப்படும்? கண்டுபிடித்துப் பாருங்கள். பழைய வண்டியில் சாவியைத் திறந்தபடி விடக்கூடாது என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.