ஆறு மீட்டரில் காத்திருப்பு

கடலில் 80 மீட்டர் ஆழத்தில் 20 நிமிடம் இருந்தவர் மேலே வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதில் கணிசமான நேரம் 6 மீட்டரில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே தொங்க வேண்டும். தலைக்கு மேல் படகின் அடிப்பாகம் தெரியும். குளிரும். ஆனாலும் ஏறக் கூடாது.

80 மீட்டரில் அழுத்தம் தரையில் உள்ளதைப் போல 9 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் வாயு இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து தங்கிவிடுகிறது. விறுவிறுவென்று ஏறினால் அது உடம்புக்குள்ளேயே குமிழ்விடும். மூட்டு வலிக்கும்; தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால் விளங்காமல் போகலாம். பிரிட்டனின் ஜே. எஸ். ஹால்டேன் இதை ஆடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தார். வெளியே வந்த ஆடு முன்னங்காலை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நின்றால், அதற்கு மூட்டுவலி என்று அர்த்தம். நின்று நின்று ஏறுவதற்கான அட்டவணையை அவர் குழு 1908இல் வெளியிட்டது.

சாதாரணக் காற்று 80 மீட்டருக்கு உதவாது. நைட்ரஜன் போதையேற்றும், ஆக்சிஜன் வலிப்பை வரவழைக்கும். இரண்டையும் குறைத்து ஹீலியம் சேர்த்தால் அது டிரைமிக்ஸ். ஏறி வரும்போது 21 மீட்டரில் பாதிக்குப் பாதி ஆக்சிஜன் உள்ள கலவைக்கும், 6 மீட்டரில் முழு ஆக்சிஜனுக்கும் மாறுவார்கள். உடம்பில் தங்கிய வாயு அப்போது வேகமாக வெளியேறும்.

எனக்கு அதிகம் பயம் தருவது இந்த மாற்றம்தான். 1945 ஆகஸ்டில் ஸ்வீடன் பொறியாளர் ஆர்னே செட்டர்ஸ்ட்ரோம் பால்டிக் கடலில் 160 மீட்டர் இறங்கினார். அவர் சுவாசித்தது ஹைட்ரஜன் மிகுந்த கலவை; அதில் ஆக்சிஜன் வெறும் 4%. அந்த ஆழத்தில் அதுவே போதும். வழியில் நிறுத்தி வாயு மாற்றியிருக்க வேண்டும். மேலிருந்தவர்கள் தவறுதலாக அவரை மேற்பரப்புக்கு வெகு அருகில் இழுத்துவிட்டார்கள். அங்கே அந்த 4% போதவில்லை. இறந்துபோனார்.

இன்று மணிக்கட்டில் உள்ள கணினி நிறுத்தங்களைக் கணக்கிட்டுச் சொல்கிறது. ஆனால் வாயில் இருப்பது எந்த சிலிண்டரின் வாயு என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டரிலும் '21', '6' என்று அதன் ஆழ வரம்பைப் பெரிதாக எழுதி ஒட்டுகிறார்கள். 21 மீட்டரில் நின்று, அந்த எண்ணைத் துணைவரிடம் காட்டி, வால்விலிருந்து குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாய்ப்பகுதிவரை வருவார்கள். துணைவர் பார்த்துச் சரியென்று கைகாட்டிய பிறகே அதை வாயில் வைப்பார்கள்.