சராசரிக் கணக்கில் மறைந்து போகும் இளவயதினர்
எல்லைத் தமிழர்களுக்கு ஒரு பொருளாதார ஆராய்ச்சியாளரின் வாழ்க்கைப்பணி தரும் பாடம்

2020ஆம் ஆண்டு மத்திய அரசுக் கணக்கின்படி கேரளத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 6 குழந்தைகளே ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. அதே ஆண்டில் அகில இந்தியக் கணக்கு 28. இது சாதாரண சாதனை அல்ல. இந்த மண்ணில் பல தலைமுறைகளாக உழைத்து வாழும் தமிழர்களுக்கும் இந்தப் பெருமையில் பங்கு உண்டு.

ஆனால் 2013ஆம் ஆண்டில் பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் குடும்பங்களில் கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. பத்திரிகைகள் எழுதின, மந்திரிகள் வந்தனர். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் நிபுணர்களும் வந்து பார்த்தனர். தாய்மார்களின் சத்துக்குறைவும், குழந்தைகள் எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்ததும் முக்கியக் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

தாயின் சத்துக்குறைவு பிரசவ வார்டில் தொடங்குவதில்லை. அவள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அந்த வயதில் அவளைக் கவனித்தவர் யார்? ஆயிரத்துக்கு 6 என்ற சராசரிக் கணக்கில் அந்தச் சிறுமி எங்கே இருந்தாள்?

இந்தக் கேள்வியை ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகப் பல கோணங்களிலிருந்து கேட்டு வருபவர் டாக்டர் டி.கே. சுந்தரி ரவீந்திரன். நமது எல்லைப்புற இளைஞர்களின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் இந்த அம்மையாரின் பணியைத் தெரிந்துகொள்வது நல்லது.

மருந்து எழுதாத டாக்டர்

அம்மையார் மருத்துவம் படித்தவர் அல்ல, பொருளாதாரம் படித்தவர். பேராசிரியர் கே.என். ராஜ் முன்னின்று உருவாக்கிய திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர். வருமானம் குறைவாக இருந்தும் கல்வியிலும் ஆயுளிலும் கேரளம் முன்னேறியிருப்பதை 1975இல் ஐக்கிய நாடுகள் சபைக்காகச் செய்த ஆய்வின் மூலம் உலகுக்கு எடுத்துச் சொன்னது இதே மையம்தான். அந்தப் புகழ்பெற்ற கணக்குக்குள் அடங்காமல் வெளியே நிற்கும் மக்கள் உண்டு என்பதையும் அங்கிருந்தவர்களே சொன்னார்கள். கேரள மீனவர்கள் அப்படி வெளியே நிற்பதை 1995இல் எழுதிக் காட்டிய ஜான் குரியன் அந்த மையத்தைச் சேர்ந்தவர்.

சுந்தரி ரவீந்திரன் படிப்போடு நின்றுவிடவில்லை. 1981ஆம் ஆண்டில் செங்கற்பட்டுப் பகுதியில் கிராமப் பெண்கள் சமூகக் கல்வி மையம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் 13 பெண்கள். அவர்களில் 12 பேர் அந்தப் பகுதியைச் சேர்ந்த தலித் பெண்கள். முதியோர் கல்வித் திட்டத்தில் எழுத்தறிவு சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் அவர்கள். எழுத்து கற்க வந்த பெண்கள் கூலியைப் பற்றியும், அடி உதை பற்றியும், பிரசவத்தைப் பற்றியும், யாரிடமும் சொல்ல முடியாத உடல் உபாதைகளைப் பற்றியும் பேசினார்கள். அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் இந்த மையம். பிற்பாடு சொந்தமாக ஒரு கிளினிக்கும் நடத்தினார்கள். வளரிளம் பெண்களுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் உடலைப் பற்றியும், ஒருவரையொருவர் மதித்து நடப்பதைப் பற்றியும் வகுப்புகள் எடுத்தார்கள்.

1986இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக அம்மையார் ஓர் ஆய்வுத் தொகுப்பைத் தயாரித்தார். பெண் குழந்தை என்பதற்காகவே சிறுவயதில் காட்டப்படும் பாரபட்சம், அவள் ஆரோக்கியத்தை எப்படிப் பாதிக்கிறது என்பது அதன் பொருள்.

1992இல் வெளிவந்த அவரது ஆய்வுக் கட்டுரை இன்னும் பேசப்படுகிறது. ஏழை நாடுகளில் பிரசவத்தில் தாய்மார்கள் இறந்தால், பாமரப் பெண் தாமதமாக வந்தாள் என்று அவள்மேலேயே பழியைப் போடுவது வழக்கம். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பிறகும் பெண்கள் ஏன் இறக்கிறார்கள் என்று அம்மையார் கேட்டார். ரத்தம் இல்லை, மருந்து இல்லை, பயிற்சி பெற்ற ஆள் இல்லை, கவனிப்பு சரியில்லை என்று பல நாட்டு ஆய்வுகளிலிருந்து எடுத்துக் காட்டினார். குற்றவாளிக் கூண்டில் நோயாளிக்குப் பதிலாக ஆஸ்பத்திரி அமைப்பையே நிறுத்திய கட்டுரை அது.

1993இல் லண்டனில் தொடங்கப்பட்ட பெண்கள் நலம் பற்றிய சர்வதேச ஆராய்ச்சிச் சஞ்சிகைக்கு மார்ஜ் பெரர் என்பவருடன் இணைந்து ஆசிரியராக இருந்தார். பின்னர் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பொது சுகாதாரம் படிக்க வந்த ஏராளமான மாணவர்களை உருவாக்கிய மையம் அது. இந்தியாவில் உடல்நல ஏற்றத்தாழ்வுகள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி, டாக்டர் ரக்கால் கைத்தோண்டேயுடன் சேர்ந்து அவர் பதிப்பித்த நூல் 2018இல் வெளிவந்தது.

வேற்றுமையும் அநீதியும்

கிழவருக்குப் பார்வை மங்குவதும் வாலிபனுக்கு மங்காததும் இயற்கையான வேற்றுமை. ஒரே வயதுள்ள இரண்டு பெண்களில் ஒருத்திக்கு ரத்தசோகை, மற்றவளுக்கு இல்லை; காரணம் ஒருத்தி பிறந்த சாதி, குடியிருக்கும் இடம், தகப்பனின் கூலி என்றால், அது தடுக்கக்கூடிய ஏற்றத்தாழ்வு. தடுக்க முடிந்ததைத் தடுக்காமல் விடுவது அநீதி. பொது சுகாதாரத் துறையினர் இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

இங்கிலாந்தில் 1967இல் அரசு ஊழியர்களிடையே ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களில் யாரும் பட்டினி கிடப்பவர்கள் அல்லர். அப்படியிருந்தும் மிகக் கீழ்ப்படியில் இருந்த ஊழியர்களிடையே இறப்பு, மேல்படி அதிகாரிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. ரயில்வேயில் கிளார்க்காக வேலை பார்க்கும் எனக்கு இதை நம்புவதில் சிரமம் இல்லை. ரயில்வே ஆஸ்பத்திரி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஆடி மழையில் தண்டவாளத்தில் நடக்கும் கேங்மேனின் நெஞ்சும், மின்விசிறியின் கீழ் உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சும் ஒன்றாக இருப்பதில்லை.

அந்த ஆய்வால் புகழ்பெற்ற மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த கமிஷன் 2008இல் அறிக்கை தந்தது. மனிதர் பிறக்கும், வளரும், வேலை செய்யும், வாழும் நிலைமைகளே நோயையும் நலத்தையும் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம்.

நம் பக்கத்து நிலைமை

இனி நமது எல்லையைப் பார்ப்போம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தமிழர்கள் போராடியும் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்திலேயே இருந்தன. சித்தூர் தாலுகாவில் தமிழ் பேசும் ஊர்கள் எத்தனையோ. அட்டப்பாடி இருளர் பேச்சும், மூணாறு மலையின் முதுவான் பேச்சும் தமிழுக்கு மிக அருகில் இருப்பவை.

தேயிலை எஸ்டேட்டில் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. தாய் தகப்பன் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிள்ளைகளில் ஒருவர் வேலைக்குப் பேர் பதிந்தால் குடும்பம் அங்கேயே இருக்கலாம். பதினெட்டு வயதுப் பெண் கல்லூரிக்குப் போவதா, கொழுந்து கிள்ளப் போவதா என்பதை அவளுடைய மதிப்பெண் தீர்மானிப்பதில்லை. கூரைதான் தீர்மானிக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, ஆஸ்பத்திரி, பிள்ளைமடுவம் எல்லாவற்றையும் முதலாளியின் பொறுப்பில் வைத்தது. பீர்மேட்டில் 2000ஆம் ஆண்டையொட்டி எஸ்டேட்டுகள் மூடப்பட்டபோது, கூலியோடு டிஸ்பென்சரியும் போயிற்று.

2015 செப்டம்பரில் மூணாறு பெண்கள் "பொம்பிளை ஒருமை" என்று திரண்டு 20 சதவீத போனசும் 500 ரூபாய் தினக்கூலியும் கேட்டார்கள். கூலிப் போராட்டம் என்றுதான் எழுதினோம். நோயின் வேர் எங்கே என்று பார்த்தால், அது ஓர் ஆரோக்கியப் போராட்டமும் ஆகும். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 உயிர்கள் போயின. பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. அன்றிரவு அவர்கள் உயிரைத் தீர்மானித்தது, அவர்கள் எந்த இடத்தில் குடியிருந்தார்கள் என்பது ஒன்றுதான்.

அதே பெட்டிமுடி வழியாகத்தான் இடமலைக்குடிக்குப் போகவேண்டும். 2010இல் அமைக்கப்பட்ட, கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்து அது. அங்கே மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தனிக் குடிசையில் தங்குவது வழக்கம். அந்தத் தங்கலைத் தவிர்க்க, இளம்பெண்கள் கருத்தடை மாத்திரைகளை வாங்கித் தொடர்ந்து விழுங்குவதாகப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்திருக்கிறது. மாத்திரை தப்பு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. குளிரிலும் மழையிலும் அந்தக் குடிசையில் இருப்பது எப்படியிருக்கும் என்று அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து கேட்பதுதான் செங்கற்பட்டுப் பெண்கள் காட்டிய வழி.

ரத்தசோகையையும் எடுத்துக்கொள்வோம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். இதற்காகப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை நீலநிற இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத்திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள அனைவரும் அடங்குவர். நல்ல திட்டங்கள்தான். ஆனால் அட்டப்பாடியில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை வியாதி உண்டு. அது இரும்புச்சத்து மாத்திரையால் தீராது. ரத்தப் பரிசோதனை செய்து தனி வைத்தியம் பார்க்கவேண்டும். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பெண்ணுக்கோ, பள்ளியில் தரும் மாத்திரை கைக்குப் போய்ச் சேருவதே இல்லை.

இரண்டு மாநிலங்களுக்கு நடுவே

குமுளிக்காரருக்குக் கோட்டயத்தைவிடத் தேனி அருகில். அட்டப்பாடிக்காரர் அவசரத்துக்குக் கோயமுத்தூருக்கும் ஓடுகிறார். பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும், பஸ் போகும் பாதை சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள்தான். உடம்புக்கு எல்லைக்கோடு தெரியாது, காகிதத்துக்குத் தெரியும். காப்பீட்டு அட்டை ஒரு மாநிலத்தது, படுக்கை இன்னொரு மாநிலத்தது என்றால் அலைச்சல் நோயாளிக்கு.

சாதிச் சான்றிதழும் அப்படித்தான். 1950க்கு முன்பே முன்னோர்கள் இங்கே குடியிருந்தார்கள் என்று ஆதாரம் காட்டச் சொன்னால், பெயரும் தேதியும் சரியாக எழுதப்படாத எஸ்டேட் குடும்பம் எதைக் காட்டும்? சான்றிதழ் இல்லையேல் உதவித்தொகை இல்லை. நர்சிங் படிப்பில் ஒதுக்கீடு இல்லை. லயத்திலிருந்து ஒரு நர்ஸ் உருவாகும் வாய்ப்பு அங்கேயே அடைபடுகிறது. இது தாலுகா ஆபீஸ் விவகாரம் என்று நாம் நினைக்கிறோம். ஒரு தலைமுறையின் ஆரோக்கியமும் அதில் அடங்கியிருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, கணக்கைப் பிரித்து எடுக்கவேண்டும். மாவட்டச் சராசரி போதாது. எஸ்டேட் லயம், பழங்குடி ஊர், சித்தூர் எல்லைக் காலனி என்று இடவாரியாகவும், ஆண் பெண் எனவும், பள்ளியில் இருப்பவர், நின்றவர் எனவும் இளவயதினரின் ரத்தசோகை, எடை, மனநலம், குடிப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கெடுத்தால்தான் நோய் எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவதாக, ஆரம்ப சுகாதார நிலையங்களின் அறிவிப்புகளும் ஆலோசனையும் தமிழிலும் கிடைக்கவேண்டும். மாதவிலக்கு, மனச்சோர்வு, பயம் இவற்றையெல்லாம் ஒரு பெண் தன் தாய்மொழியில்தான் வாய்விட்டுச் சொல்லுவாள்.

மூன்றாவதாக, இரண்டு மாநிலச் சுகாதாரத் துறைகளும் கலந்து பேசி, எல்லைத் தாலுகா மக்கள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியில் காகிதத் தகராறு இல்லாமல் வைத்தியம் பெற வழிசெய்ய வேண்டும். காட்டு யானைகளைப் பற்றியும் அணைத் தண்ணீரைப் பற்றியும் பேசும் அதிகாரிகள் இதைப் பேசக்கூடாதா?

நான்காவது காரியம் நம் கையில் இருக்கிறது. ஊர்தோறும் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்கும் மே தினத்துக்கும் ஆள் சேர்ப்பவர்கள், வருடத்துக்கு ஒரு நாள் பதினைந்து இருபது வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்களுக்கு என்ன குறை என்று கேட்கலாம். பெரியவர்கள் பேசாமல் கேட்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

1981இல் செங்கற்பட்டில் 13 பெண்கள் தொடங்கியபோது அவர்களிடம் கட்டடமோ பணமோ பெரிதாக இல்லை. கேட்பதற்குக் காது இருந்தது. கேட்டதை எழுதி வைக்கும் பழக்கம் இருந்தது. எழுதி வைத்தது ஆராய்ச்சி ஆயிற்று. ஆராய்ச்சி உலக அரங்கு வரை போயிற்று. வட்டவடையிலும் வண்டிப்பெரியாரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் அகளியிலும் கேட்கப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நமது சங்கங்கள் அந்தக் காதைக் கொடுக்க முன்வருமா?